கதவு என்று எழுதியவள்

தான் எழுதாத ஒரு சொல்லுக்காக ஊரே ஒருத்தியைக் கொண்டாடினால், அந்தப் புகழை அவள் எங்கே வைப்பது? எனக்கு உரியதல்ல என்று தள்ளினால் அடக்கம் என்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டால் அது திருட்டு. பூட்டுக்கடை அக்காவிடம் இந்தக் கேள்வி, வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஓடிப்போன பிறகுதான் வந்தது. அதுவும் ஒரு சட்டையின் மேல் எழுதப்பட்டு வந்தது.

மாடிப்படிக்குக் கீழே, செருப்பு தைப்பவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது அவள் கடை. அண்ணனுடைய கடை, அவர் போன பிறகு அவளுடையது. சுவர் முழுக்க ஆணிகளில் வெட்டாத சாவிகள். மெஷின் ஓடும்போது பித்தளைத் தூள் பறந்து அவள் மடியில் விழும், வீட்டுக்குப் போன பிறகும் கை மினுங்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டைத் திட்டுகிறவர்கள். அவர்களோடு பேசிப் பேசியே அவளுக்கு வாய் நீண்டுவிட்டது என்று தெருவில் சொல்வார்கள். அது சரியில்லை. அந்த வாய் அதற்கு வெகுகாலம் முன்பே நீண்டதுதான், காரணத்தோடு.

ஒரு மத்தியானம் தாடி வைத்த ஒருவர் மேசை இழுப்பறைச் சாவி ஒன்றை நீட்டினார்.

"அக்கா, இதுக்கு ஒரு டூப்ளிகேட் வேணும்."

அவள் சாவியைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள். கறுப்புத் துணி, வெள்ளை எழுத்து. 'கனவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.'

"சட்டையில தப்பு இருக்கு."

தாடி குனிந்து பார்த்துக்கொண்டார். "கிழிஞ்சிருக்கா?"

"எழுத்துல. அது கனவு இல்ல. கதவு."

தெரியாதவர்களிடம் காட்டுகிற பொறுமையோடு அவர் சிரித்தார். "இது ஒரு பழைய பாக்கெட் நாவல்ல வர்ற வரிக்கா. துப்பாக்கிதாசன்னு ஒருத்தர் எழுதினது. ஆள் யாருன்னே தெரியல. செத்துப்போயிருப்பாருன்னு நினைக்கிறோம்."

"சாகல. உட்கார்ந்து சாவி வெட்டிட்டு இருக்கா."

துப்பாக்கிதாசன் என்பது ஒரு ஆளே இல்லை. ரசீதும் அழைப்பிதழும் அச்சடித்துக்கொண்டிருந்த ஒரு பிரஸ்காரர், மாதம் ஒரு மர்மநாவல் போடலாம் என்று கிளம்பியபோது கண்டுபிடித்த பெயர் அது. பெயர் அவருடைய சொத்து. பின்னால் இருக்கிற ஆளை அவர் இஷ்டத்துக்கு மாற்றுவார். அப்போது அண்ணன் கடையில் எடுபிடியாக இருந்த அக்கா, வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய நாவல்கள் நல்ல நாவல்களா என்றால், பெரும்பாலும் இல்லை. பெண்களுக்கெல்லாம் மான்விழி, வில்லன்களுக்கெல்லாம் பூனைக்கண். துப்பறிகிறவர் மூச்சுக்கு ஒரு தடவை "தடயம்" என்பார். மழை தேவைப்படும் போதெல்லாம் மழை பெய்யும்.

ஆனால் 'பூட்டிய வீட்டில் ஒரு புன்னகை' என்ற ஒரு நாவலில், ஒரே ஒரு விஷயம் உருப்படியாக இருந்தது. அதில் வந்த பூட்டு. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. பூட்டின் நாக்கு நீண்டு சட்டத்தில் இருக்கும் குழிக்குள் போய் உட்கார வேண்டும். கொலைகாரன் முதல் நாளே அந்தக் குழியை மெழுகால் அடைத்துவைக்கிறான். கதவு பூட்டியதுபோல் தெரியும், தள்ளினால் திறந்துவிடும். அப்படி உள்ளே வந்து, கொன்றுவிட்டு, மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறான். இப்போது நாக்கு ஒழுங்காகக் குழியில் உட்கார்ந்துவிடுகிறது. பூட்டிய வீட்டுக்குள் சாவியில்லாமல் யாரும் வந்திருக்க முடியாது என்று போலீஸ் நினைக்கிறது.

வாசகரை ஏமாற்றக் கூடாது என்று அக்கா ஒரு துப்பைக் கொடுத்திருந்தாள். கொலைக்கு முந்தின நாள், வீட்டுக்காரி பூட்டிவிட்டு வெளியே போயிருக்கும் நேரத்தில், இஸ்திரித் துணி கொண்டுவரும் பெண் வாசலில் வந்து நிற்கிறாள். 'அவள் கையை வைத்தாள். கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.' அவ்வளவுதான். பூட்டிய கதவு ஏன் கை பட்டதும் திறந்தது என்று யோசிக்கிறவர் கொலைகாரனைப் பிடித்துவிடலாம். கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் இந்த இடத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார்.

அச்சில் வந்தது 'கனவு திறந்தது.'

ஓர் எழுத்து மாறியதில் துப்பு காணாமல் போனது. கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர், கதவு திறந்ததை நீங்கள் கவனிக்கவில்லையா என்று கேட்கும்போது, எந்தக் கதவு என்று வாசகர்கள் திருப்பிக் கேட்டார்கள். அஞ்சலட்டைகள் வந்து குவிந்தன. ஏமாற்றுக்காரன் என்றார்கள். கதையை முடிக்கத் தெரியாதவன் ஏன் தொடங்கினான் என்றார்கள். அக்கா பிரஸ்காரரிடம் போய், அடுத்த மாத நாவலில் ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டாள்.

"போன மாசக் கதைக்கு இந்த மாசம் திருத்தம் போட்டா, இந்த மாசக் கதையை எவன் நம்புவான்?" என்றார் அவர். "விடும்மா. ஜனங்க மறந்துடுவாங்க."

ஜனங்கள் மறந்தார்கள். பிரஸ்காரர் மறக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து துப்பாக்கிதாசன் வேறு ஆளாகிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா ஒரு வரி எழுதியதில்லை. கேட்டவர்களிடம் கடை வேலை சரியாக இருக்கிறது என்றாள்.

திருத்தம் கேட்கப் போன அன்றைக்கே அவள் பிரஸ்ஸின் உள்ளறைக்கும் போய், அச்சுக்கோர்க்கும் கம்பாசிட்டரை எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நிற்கவைத்துத் திட்டினாள். ஒல்லியான ஆள், விரலெல்லாம் மை. "கை தவறிடுச்சுங்க" என்றார். தலை நிமிரவில்லை. மறுநாளும் போய்த் திட்டினாள், முதல் நாள் சொல்ல விட்டுப்போனது நிறைய இருந்தது. இப்படிச் சண்டை போடப் போன இடத்திலேயே அவளுக்குக் கல்யாணம் அமைந்தது என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவள் அதற்குச் சிரித்ததே இல்லை. கம்பாசிட்டரைக் கட்டிக்கொண்டாளே தவிர, அந்த எழுத்தை அவள் மன்னிக்கவில்லை. வீட்டில் பாத்திரம் கை நழுவி விழுந்தால்கூட, "என்ன, கை தவறிடுச்சா?" என்றுதான் உள்ளிருந்து குரல் வரும்.

கோபம் தணிக்க வேண்டிய தீ என்று படித்தவர்கள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லோரும் மறந்துவிட்ட ஓர் அநியாயத்தை, வேறு யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே என்று ஒருத்தி தனியாகச் சுமந்துகொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவர்கள் எழுதவில்லை.

தாடிக்காரர் பழைய மர்மநாவல்களைத் தேடி எடுத்து மறுபதிப்புப் போடுகிறவர். அந்த வரியை அவர்தான் கண்டெடுத்துப் பரப்பியிருந்தார். சட்டை, தேநீர்க் கோப்பை, ஒருவர் தோளில் பச்சைகூடக் குத்தியிருந்தார். அவர் சொல்லி, ஒரு பத்திரிகையில் அக்காவைப் பற்றிச் செய்தியும் வந்தது. விநோதச் செய்திகள் போடும் மூலையில், இரண்டு தலையோடு பிறந்த கன்றுக்குட்டிக்கும் மீசையால் வண்டி இழுத்த ஒருவருக்கும் நடுவில்.

மகள் அதை வெட்டிக் கண்ணாடி போட்டு வாங்கிவந்தாள். உடம்பில் அந்தக் கறுப்புச் சட்டை வேறு.

"ரெண்டு தலை கன்னுக்குட்டிக்குப் பக்கத்துல என்னைப் போட்டிருக்கான். நீ அதுக்கு ஃபிரேம் போடுற."

"அம்மா, எவ்வளவு பேர் பாராட்டுறாங்க. உனக்கு ஏன் இவ்வளவு கடுப்பு?"

"அவங்க பாராட்டுறது என்னை இல்லடி. உங்கப்பா கை தவறினதை."

கம்பாசிட்டர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தை மறுபடியும் பழையபடி திருப்பினார்.

பிறகு ஒரு மாலை வாசிப்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மாடி அறை, மடக்கு நாற்காலிகள், நிறைய இளவயதுக்காரர்கள். அவளை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அவள் நாவலையே ஒருவர் எழுந்து நின்று படித்தார். 'அவனது துப்பாக்கி பேசத் துடித்தது.' கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மான்விழி வந்ததும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துத் தாடி பக்கத்தில் குனிந்தார்.

"இது கேலி இல்லக்கா. அன்பான சிரிப்பு."

"அன்பா சிரிச்சாலும் தெரியறது பல்லுதானே?"

அந்த வரி வந்தபோது மட்டும் அறை அமைதியானது. வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்து விளக்கம் சொன்னாள். கனவு என்பது ஓர் அறை, நாம் தேடிப்போகிற அர்த்தம் அதற்குள் இருப்பதாக நம்புகிறோம், திறந்தால் வெறுமை. மர்மநாவல் என்ற மலிவான வடிவத்துக்குள் இப்படி ஒரு தரிசனம் ஒளிந்திருப்பதுதான் அதிசயம் என்றாள். நன்றாகவே பேசினாள். அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை, அது நடக்கவில்லை என்பதைத் தவிர.

அக்கா எழுந்தாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் எழுதினது கதவு. குழியில மெழுகு இருந்துச்சு, அதனால பூட்டோட நாக்கு உட்காரல. கை வச்சதும் திறந்துச்சு. வீட்டுக்காரி வெளிய போயிருந்தா, அதான் யாரும் இல்ல. அச்சுல ஓர் எழுத்து மாறிப்போச்சு. நீங்க பேசினதெல்லாம் அந்தத் தப்பைப் பத்தி."

 கைதட்டல் வெடித்தது. "செம பதில்க்கா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கண்ணாடிப் பெண் நெஞ்சில் கைவைத்து, "எவ்வளவு எளிமை" என்றாள். அவர்களில் யாரும் அவளை அவமதிக்கவில்லை. அவமதித்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர்கள் காதில் விழுந்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

படியிறங்கும்போது தாடி மறுபதிப்புக்கு அனுமதி கேட்டார். பிரஸ்காரரும் இல்லை, அவர் பிரஸ்ஸும் இல்லை. அவள் சரி என்றால் போதும்.

"கதவுன்னு போடுறதா இருந்தா சரி."

தாடி தடுமாறினார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. கதவுன்னு போட்டா அது சாதாரண வரியாயிடும்."

"நான் எழுதினது சாதாரண வரிதான்."

"அந்த வரிக்காகத்தான் எல்லாரும் புத்தகத்தைக் கேட்கிறாங்க."

"அந்த வரியாலதான் எல்லாரும் என்னை ஏமாத்துக்காரின்னாங்க. அப்ப நீங்க பொறக்கல. என் புத்தகத்துல ஒரே ஒரு விஷயம்தான் ஒழுங்கா இருந்துச்சு தம்பி. அதைக் கெடுத்ததும் இல்லாம, கெட்டுப்போனதைச் சட்டையில போட்டுக்கிட்டு என் கடைக்கே வந்து நிக்கிறீங்க. கதவுன்னு போடுங்க. இல்லன்னா புத்தகமே வேணாம்."

பல நாள் தாடியின் தலை தெருப் பக்கம் தெரியவில்லை. மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தாள். ஆனால் புத்தகம் எப்போது வரும் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள் போல. ஒரு நாள் மதியம் அவர் அச்சுக்குப் போகவிருந்த பக்கங்களோடு கடைக்கு வந்தார். இந்தத் தடவை சாதாரணக் கோடுபோட்ட சட்டை. அக்கா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். டப்பா கொண்டுவந்த கம்பாசிட்டர், வாடிக்கையாளர் ஸ்டூலில் இருந்தார்.

"நீங்க கேட்ட மாதிரியே போட்டாச்சுக்கா. நீங்களே பார்த்துடுங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தை வாங்கினாள். 'அவள் கையை வைத்தாள். கதவு திறந்தது.' விரலை அந்தச் சொல்லின் கீழே வைத்து, எழுத்துக் கூட்டுகிறவள்போல் படித்தாள். அவள் முகத்தில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது. அந்த முகத்தில் கோபம் இல்லாததைக் கம்பாசிட்டர் வெகுகாலத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்திருப்பார்.

தாடி பேச்சை வளர்க்க நினைத்தார். "ஐயா, அன்னிக்கு அச்சுக்கோர்த்தது நீங்கதானே? எப்படிங்க அந்தத் தப்பு நடந்துச்சு?"

"தப்பு இல்ல" என்றார் கம்பாசிட்டர்.

அக்கா தலையைத் தூக்கினாள். "என்னது?"

"கை தவறல. தெரிஞ்சேதான் போட்டேன்."

ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் பக்கத்துக் கடையில் வந்து போய்க்கொண்டிருந்தது. அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"த தீர்ந்துபோச்சு. பெட்டியில ஒரு த கூட இல்ல. உன் துப்பறியற ஆளு தடயம் தடயம்னே பேசுறான், எல்லாத் த-வும் அவனுக்கே போயிடுச்சு. எழுத்து இல்லன்னா வேற ஒண்ணைக் கவுத்து வச்சு இடத்தைப் பிடிச்சுக்குவோம். பின்னால எழுத்து கிடைச்சதும் மாத்தணும். மாத்தலன்னா அச்சுல அந்த இடம் கறுப்புக் கட்டமா விழும். மெஷின்காரர் நிக்கிறாரு, முதலாளி கத்துறாரு, பக்கத்தைக் கட்டிக் கொடுக்கணும். கட்டமா விழுறதுக்குப் பதிலா ஒரு வார்த்தையா இருக்கட்டுமேன்னு பார்த்தேன். ன நிறைய இருந்துச்சு. ன போட்டா கனவுன்னு ஆச்சு."

"அர்த்தம்?" என்றார் தாடி. 

"அர்த்தத்தை யாரு பார்த்தா? எந்த எழுத்து இருக்குன்னு பார்த்தேன்."

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடியும் அழுத்தி மூடினாள்.

"கை தவறிடுச்சுன்னு சொன்னீங்களே."

"அன்னிக்கு அப்படிச் சொன்னதால திட்டிட்டுப் போன. மறுநாளும் வந்த. தெரிஞ்சு போட்டேன்னு சொல்லியிருந்தா நீ திரும்பி வந்திருக்கவே மாட்ட."

"அதுக்காக இத்தனை காலமும்?"

"ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னு நினைப்பேன். போன வருஷம் சொல்லியிருக்கலாமேன்னு தோணும். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"எனக்கு எழுத்துப் போச்சுங்க" என்றாள் அவள். கத்தவில்லை. "ஒரு சோம்பேறிக் கை பண்ணினதுன்னு நினைச்சுதான் இத்தனை நாள் பொறுத்தேன். நீங்க யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க. முதலாளியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை, த இல்ல, ஒரு மணி நேரம் நில்லுங்கன்னு சொல்ல வாய் வரல உங்களுக்கு. எனக்குச் சொல்லியிருந்தா அந்தத் தடயத்துல நாலை நானே அடிச்சுட்டுக் கொடுத்திருப்பேனே."

அவர் சாப்பாட்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார். 

தாடியின் கண் மட்டும் பளபளத்தது. நடந்ததை எல்லோருக்கும் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவர் மனத்துக்குள் ஓடத் தொடங்கியிருந்தது. "அக்கா, இது இன்னும் பெரிய கதை. முன்னுரையிலேயே இதைப் போட்டுடலாம். வேணும்னா கனவையே திரும்ப வச்சுட்டு, கீழே..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அவள் இழுப்பறையைத் துழாவினாள். சாவியில் அளவு குறிக்கிற தடித்த கறுப்புப் பேனா கிடைத்தது. பக்கத்தை மெஷினின் மேல் விரித்துவைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் கேட்டது கையில் இருந்தது, பிழையில்லாமல், அவள் எழுதியபடியே. பிறகு 'கதவு' என்ற சொல்லின் நடுவெழுத்தைப் பேனாவால் நிரப்பத் தொடங்கினாள். அவசரப்படவில்லை. மூலைகள் சதுரமாக வரும்வரை ஓரங்களைச் சரிசெய்தாள்.

"இப்படியே அச்சடிங்க."

"அக்கா, இது என்னன்னே யாருக்கும் புரியாதே."

"முன்னுரையிலயும் ஒண்ணும் எழுதக் கூடாது. இப்படிப் போட முடியும்னா போடுங்க."

கம்பாசிட்டர் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

தாடி ஏன் என்று அன்றைக்கே இரண்டு தடவை கேட்டார். மகள் சண்டை போட்டுக் கேட்டாள். புத்தகம் வந்த பிறகு கண்ணாடி போட்ட பெண் கடைக்கே வந்து, தன் விளக்கம் ஒன்றைச் சொல்லி, அது சரியா என்று கேட்டாள். அவள் வீட்டுப் பூட்டைப் பற்றி விசாரித்துவிட்டு அக்கா அனுப்பிவைத்தாள். கம்பாசிட்டர் மட்டும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அந்த வரி இப்போது இப்படித்தான் இருக்கிறது:

'அவள் கையை வைத்தாள். க■வு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.'